நீங்களே கட்டிய விமானத்தை எடை போட்டு சிஜி கணக்குப் போடுவது எப்படி

வீட்டுக் காடிக் கொட்டகையிலோ ஷா ஆலம் பக்கம் வாடகைக்கு எடுத்த பட்டறையிலோ வருடக்கணக்கில் ரிவெட் அடித்து ஒரு விமானத்தை முடித்தவர்களிடம் பேசிப் பாருங்கள். எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள், ரேடியோவைப் பற்றிச் சொல்வார்கள், எடைக் கணக்கு என்றதும் "அது கடைசியில் ஒரு நாள் வேலை" என்று முடித்துவிடுவார்கள். ஒரு நாள் வேலைதான். ஆனால் அந்த ஒரு நாளில் எழுதி வைக்கும் ஐந்தாறு எண்களை நம்பித்தான் அந்த விமானம் இருக்கும் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஆள் ஏற்றப் போகிறீர்கள். அந்த எண்கள் தப்பு என்றால் அதற்கு மேல் எவ்வளவு அழகாக எக்செல் போட்டாலும் வரும் விடை தப்புதான்.

கணக்கு சுலபம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிற பிள்ளை போட்டுவிடும்: பெருக்கல், கூட்டல், கடைசியில் ஒரு வகுத்தல். சிரமமெல்லாம் அளப்பதில் இருக்கிறது, அதனால் கீழே பாதிக்கு மேல் அளப்பதைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

விமானத்தின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளிதான் ஈர்ப்பு மையம். பறக்கிறவர்கள் எல்லாரும் சிஜி என்றே சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். நீளமான ஏணியைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்திருந்தால் இதன் குணம் உங்களுக்குத் தெரியும்: தோளுக்குப் பக்கத்தில் பெரிய வாளியை மாட்டினாலும் ஏணி அவ்வளவாக அசையாது, பின் நுனியில் ஒரு சின்ன பையை மாட்டினால் முன்பக்கம் மேலே எழும்பிவிடும். எவ்வளவு கனம் என்பது ஒரு பாதி, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மறுபாதி.

விமானத்தை வடிவமைத்தவர் சிஜி இந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்குள் இருக்கவேண்டும் என்று முன் எல்லை, பின் எல்லை இரண்டையும் கொடுத்திருப்பார். முன் எல்லையைத் தாண்டினால் மூக்கு கனக்கும். வால் அதிகமாகக் கீழ்நோக்கி அழுத்தவேண்டி வரும், அந்த அழுத்தத்தையும் சேர்த்து இறக்கை தூக்கவேண்டும், அதனால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்காமல் விட்டுவிடும் வேகம்) கூடும். தரையிறங்கும்போது ஸ்டிக்கை (ஓட்டுபவர் கையில் பிடிக்கும் கோல்) முழுக்க இழுத்தாலும் மூக்கு எழும்பாமல் மூக்குச் சக்கரம் முதலில் ஓடுபாதையில் மோதலாம். பின் எல்லையைத் தாண்டினால் இன்னும் மோசம். ஸ்டிக் லேசாகிவிடும், காற்று ஒரு தட்டுத் தட்டினால் விமானம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது, ஸ்டால் ஆகி ஸ்பின்னில், அதாவது சுழன்றுகொண்டே விழ ஆரம்பித்தால், மூக்கைக் கீழே கொண்டுவர எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும், வாலில் உள்ள அசையும் தகடு) பலம் போதாமல் போகலாம். ஓடுபாதையில் ஓடும்போது இதில் பெரிதாக ஒன்றும் தெரியாது, மேலே போன பிறகுதான் தெரியும். அதனால்தான் பின் எல்லையைப் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கணக்குக்கு மூன்று சொல் போதும். டேட்டம் என்பது எல்லாத் தூரத்தையும் எங்கிருந்து அளக்கிறோமோ அந்தக் கோடு, அதை வடிவமைத்தவர் முடிவு செய்திருப்பார், சிலர் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு) வைப்பார்கள், சிலர் மூக்குக்கும் முன்னால் வெறும் காற்றில் வைப்பார்கள். எங்கே இருந்தாலும் சரி, மாற்றாதீர்கள். டேட்டத்திலிருந்து ஒரு பொருள் இருக்கும் தூரம் ஆர்ம். எடையை ஆர்மால் பெருக்கினால் மொமென்ட். எல்லா மொமென்ட்டையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் சிஜி.

ஆரம்பிக்கும் முன்பே அலகை முடிவு செய்துவிடுங்கள். நமக்கு வரும் கிட்டுகளில் (பாகங்களாக வாங்கி நாமே கட்டும் விமானம்) நிறைய அமெரிக்காவிலிருந்து வருகின்றன, அவற்றின் கையேட்டில் எல்லாம் பவுண்டும் அங்குலமும், நம் கையில் இருப்பது கிலோ தராசும் மில்லிமீட்டர் டேப்பும். பாதியில் மாற்றாமல், கையேட்டில் உள்ள எல்லைகளை முதலிலேயே ஒரு தாளில் கிலோவுக்கும் மில்லிமீட்டருக்கும் மாற்றி (1 பவுண்டு 0.4536 கிலோ, 1 அங்குலம் 25.4 மி.மீ.) இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்து அதையே சுவரில் ஒட்டிவையுங்கள். 1983இல் ஏர் கனடாவின் ஒரு போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து கிம்லியில் கிளைடர் மாதிரி இறங்கியது, காரணம் லிட்டரைக் கிலோவாக மாற்றவேண்டிய இடத்தில் பவுண்டுக்கான எண்ணைப் போட்டதுதான். படித்த, அனுபவமுள்ள ஆட்கள் போட்ட கணக்கு அது.

எடை போடும் நாளுக்கு முன்

மலேசியாவின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மிடம் முதலில் கேளுங்கள். எடை அறிக்கை எந்த வடிவத்தில் வேண்டும், யார் கையெழுத்துப் போடவேண்டும், எடை போடும்போது உரிமம் உள்ள பொறியாளர் யாராவது கூட நிற்கவேண்டுமா என்பதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்யவேண்டியதில்லை.

தராசுக்கு என்ன செய்வது என்று எல்லாரும் கேட்பார்கள். பந்தயக் காடிகளின் நான்கு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போடும் டிஜிட்டல் பலகைகள் இந்த வேலைக்குப் பொருத்தமானவை. சிப்பாங் ஓட்டப்பந்தயத்துக்குக் காடி தயார் செய்யும் பட்டறைகளில் விசாரித்தால் ஒரு நாளைக்கு வாடகைக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. எந்தத் தராசாக இருந்தாலும் திரையில் வரும் எண்ணை அப்படியே நம்பாமல் சோதித்துப் பாருங்கள். எளிய வழி: காலித் தொட்டியை வைத்து எடை எழுதுங்கள், அளவுக் குவளையால் சரியாக 20 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள், 20 கிலோ கூடவேண்டும். ஆனால் உங்கள் சக்கரத்தின் மேல் வரப்போவது நூறு கிலோவுக்கு மேல், அதனால் ஒரே ஆள் ஒவ்வொரு பலகையிலும் தொட்டிகளோடு ஏறி நின்று பாருங்கள், எல்லாப் பலகையும் ஒரே எண்ணைச் சொல்லவேண்டும். ஒன்று மட்டும் ஒரு கிலோ தள்ளிச் சொன்னால் அதை வைத்து வேலை செய்யாதீர்கள்.

விமானம் பறக்கப்போகும் அதே நிலையில் இருக்கவேண்டும். ஃபேரிங் (காற்று வழுக்கிப் போக மாட்டும் மூடி), கவுலிங் (எஞ்சின் மூடி), இருக்கை, மெத்தை, பெல்ட், ஸ்பின்னர் (புரொப்பெல்லர் நடுவில் உள்ள கூம்பு), சக்கர உறையான வீல் பேன்ட் எல்லாம் மாட்டியிருக்கவேண்டும். "அந்த வீல் பேன்ட்டை அப்புறம் மாட்டிக்கலாம்" என்கிற பேச்சே வேண்டாம். கருவி, துணி, டார்ச், இறக்கைக்குள் யாரோ மறந்துவிட்ட ஸ்பேனர் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. எஞ்சின் எண்ணெய் கையேட்டில் சொன்ன அளவுக்கு இருக்கட்டும். பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள், டேங்கில் எஞ்சினால் உறிஞ்ச முடியாமல் தங்கும் அந்தக் கொஞ்சம் மட்டும் இருக்கலாம், அது வெற்று எடையில் சேர்ந்தது. எது எது மாட்டியிருந்தது என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து ரேடியோவை மாற்றும்போது இந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும்.

பெயின்ட் அடித்த பிறகு எடை போடுங்கள். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்துக்கே பெயின்ட் பல கிலோ வரும், அதில் நல்ல பங்கு வால் பக்கம் போய் உட்காரும். பெயின்ட்டுக்கு முன்பே எடை போட்டுப் பறக்க ஆரம்பித்திருந்தால், அடித்த பிறகு கட்டாயம் மறுபடி எடை போடவேண்டும். எலிவேட்டர், ரட்டர், எய்லரான் என்ற அசையும் தகடுகளின் சமநிலையையும் பெயின்ட்டுக்குப் பின் தனியாகச் சரிபார்க்கவேண்டும், அது ஃபிளட்டர் (வேகத்தில் அந்தத் தகடுகள் படபடவென்று அதிர்வது) சம்பந்தப்பட்ட விஷயம், சிஜியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தராசில் ஏற்றுவது

காலையில் செய்யுங்கள். மதியத்துக்கு மேல் இங்கே இடி மழையோடு காற்று வரும், இறக்கை மேல் லேசான காற்று பட்டாலே எண் ஓடிக்கொண்டே இருக்கும். ஹேங்கர் கதவை மூடுங்கள், எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் மின்விசிறியை நிறுத்துங்கள்.

ஒட்டுப்பலகையில் சரிவு செய்து விமானத்தை மெதுவாக மேலே தள்ளுங்கள். ஏறியதும் பிரேக்கை விட்டுவிடுங்கள். வளையக்கூடிய கால் உள்ள விமானத்தில் சக்கரம் தராசின் மேல் பக்கவாட்டில் விரியப் பார்க்கும், டயரின் ஒட்டு அதைத் தடுக்கும், அந்த இழுபறி எண்ணில் தெரியும். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் கிரீஸ் தடவி சக்கரத்துக்கு அடியில் வைத்தால் கால் தன் இடத்துக்குத் தானாக வந்துவிடும். தகடு, அடைப்புக் கட்டை என்று தராசின் மேல் வைத்த எல்லாவற்றின் எடையையும் தனியாக எழுதி கடைசியில் கழிக்கவேண்டும், அல்லது அவற்றை வைத்த பிறகு தராசைப் பூஜ்யம் செய்துகொள்ளவேண்டும்.

இப்போது மட்டம். இதை அவசரத்தில் செய்கிறவர்கள்தான் அதிகம். கையேட்டில் எந்த இடத்தில் மட்டப்பலகை வைக்கவேண்டும் என்று சொல்லியிருக்கும், பெரும்பாலும் கேனப்பி (தலைக்கு மேல் உள்ள கண்ணாடி மூடி) ஓரத்து நீளச்சட்டம். கண்ணுக்கு நேராகத் தெரிவதை நம்பவேண்டாம். சிஜி சக்கர அச்சுக்கு மேல் 600 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வெறும் 2 டிகிரி தூக்கியிருந்தாலே சிஜி சுமார் 21 மி.மீ. பின்னால் இருப்பதுபோல் கணக்கு வரும். நான் கீழே எடுத்துக்கொள்ளும் உதாரண விமானத்தின் மொத்த சிஜி இடைவெளியே 110 மி.மீ.தான், அதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டத்திலேயே தொலைந்துபோகும். மூக்குச் சக்கரத்தில் காற்றை இறக்கியோ, தராசுக்கு அடியில் பலகை செருகியோ மட்டம் கொண்டுவரலாம்.

வால் சக்கர விமானம் என்றால் வாலைத் தூக்கி ஒரு ஸ்டாண்டின் மேல் வைத்து, ஸ்டாண்டைத் தராசின் மேல் வைக்கவேண்டும். அங்கே விழும் எடை கொஞ்சம்தான், ஆனால் தூரம் அதிகம், அதனால் அங்கே ஒரு கிலோ தப்பினால் சிஜி பத்து மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பெரிய தராசை விட்டுவிட்டு சின்ன எடையைத் துல்லியமாகக் காட்டும் தராசை அங்கே பயன்படுத்துங்கள். ஸ்டாண்டின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள்.

எண்ணை எழுதியதும் விமானத்தை இறக்கி மறுபடி ஏற்றி மறுபடி எழுதுங்கள். மூன்று தடவை செய்தால் நல்லது. ஒவ்வொரு சக்கரத்திலும் அரைக் கிலோவுக்குள் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகவில்லை என்றால் சராசரி எடுத்துச் சமாளிக்காமல் ஏன் என்று பாருங்கள், சக்கரம் எங்கேயோ உரசிக்கொண்டிருக்கும் அல்லது பலகை தரையில் ஆடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் தூரம். வரைபடத்தில் இருக்கும் சக்கரத் தூரத்தை எடுத்துப் போடாதீர்கள், நீங்கள் கட்டிய விமானத்தில் சக்கரம் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்று போதும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்தோ கையேடு சொல்லும் வேறு இடத்திலிருந்தோ நூலைத் தொங்கவிட்டு, குண்டைத் தண்ணீர் நிரப்பிய பால் டின்னுக்குள் முங்கவிடுங்கள், ஆட்டம் சட்டென்று நின்றுவிடும். நூல் நிற்கும் இடத்தைத் தரையில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் கூரான பென்சிலால் குறியுங்கள். இரண்டு இறக்கையிலும் குறித்து, இரண்டு புள்ளியையும் சுண்ணாம்பு நூல் அடித்து இணைத்தால் தரையில் ஒரு நேர்கோடு கிடைக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சு நடுவிலிருந்தும் அதேபோல் குண்டு இறக்கிக் குறித்து, கோட்டிலிருந்து செங்குத்தாக டேப் பிடித்து அளங்கள். இடதும் வலதும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது சகஜம், இரண்டையும் தனித்தனியாகவே எழுதுங்கள். டேப்பின் நுனிக் கொக்கியை நம்பாமல் 100 மி.மீ. குறியிலிருந்து பிடித்து அளந்து கழித்துக்கொள்வது என் பழக்கம்.

வெற்று எடைக் கணக்கு

உதாரணத்துக்கு மூக்குச் சக்கரம் உள்ள, பக்கத்துப் பக்கத்தில் இருவர் உட்காரும் ஒரு விமானம். எண்கள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் விமானத்துக்கு ஒத்துவராது. டேட்டம் மூக்குக்கு முன்னால் இருக்கிறது. உச்ச எடை 600 கிலோ. சிஜி 1720 மி.மீ. முதல் 1830 மி.மீ. வரை இருக்கலாம்.

மூக்குச் சக்கரம்: 72 கிலோ × 560 மி.மீ. = 40,320
இடது சக்கரம்: 138 கிலோ × 2003 மி.மீ. = 2,76,414
வலது சக்கரம்: 136 கிலோ × 1998 மி.மீ. = 2,71,728
மொத்தம்: 346 கிலோ, மொமென்ட் 5,88,462

5,88,462 ஐ 346 ஆல் வகுத்தால் 1700.8 மி.மீ. முன் எல்லைக்கும் முன்னால் இருக்கிறதே என்று பதற வேண்டாம். இது ஆள் ஏறாத வெற்று விமானம், அந்த எல்லைகள் பறக்கும் நிலைக்குத்தான். சில விமானங்களில் இதற்கு நேர்மாறாகவும் இருக்கும்: எஞ்சின் பின்னால் உள்ள லாங்-ஈஸி மாதிரி விமானங்களில் ஓட்டுநர் இறங்கிவிட்டால் எடை பின்னால் போய்விடும், அதனால்தான் அவற்றை மூக்கு தரையில் படும்படி நிறுத்திவைக்கிறார்கள்.

கிட் விற்பவரின் விளம்பரத் தாளில் இதே விமானத்துக்கு வெற்று எடை இதைவிட நிறையக் குறைவாகப் போட்டிருப்பார்கள். அது கூடுதல் ரேடியோ இல்லாத, மெத்தை இல்லாத, பெயின்ட் மெலிதாக அடித்த ஒரு விமானத்தின் எடை. உங்கள் தாளில் உங்கள் 346தான் வரவேண்டும்.

ஆள், எண்ணெய், சாமான்

இருக்கை, டேங்க், பின்னால் சாமான் வைக்கும் இடம் இவற்றின் ஆர்ம் கையேட்டில் இருக்கும். இருக்கையை நீங்கள் மாற்றியிருந்தால் அதை அளந்தே ஆகவேண்டும்: யாராவது உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவை விமானத்தை எடை போட்டு, கூடிய மொமென்ட்டைக் கூடிய எடையால் வகுத்தால் இருக்கையின் ஆர்ம் கிடைத்துவிடும். டேங்குக்கும் இதே வழி செல்லும்.

நம் உதாரணத்தில் இருக்கை 1980 மி.மீ., இறக்கையின் முன்பக்க டேங்க் 1700 மி.மீ., சாமான் இடம் 2520 மி.மீ., அதில் அதிகபட்சம் 30 கிலோ. விமானப் பெட்ரோலான ஏவ்கேஸ் லிட்டருக்கு 0.72 கிலோ, கணக்கில் எண்ணெய் என்று சொல்வது இதைத்தான். ரோட்டாக்ஸ் மாதிரி எஞ்சினுக்குப் பெட்ரோல் நிலையத்து எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்றால் அது பொதுவாக இன்னும் கொஞ்சம் கனம், மொத்த எடைக்கு 0.75 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முன் எல்லையைச் சோதிப்போம். 58 கிலோ உள்ள ஒருவர் தனியாக, டேங்கில் 90 லிட்டர், பின்னால் ஒன்றும் இல்லை. ஆள் 1,14,840, எண்ணெய் 64.8 கிலோவுக்கு 1,10,160, வெற்று விமானத்தோடு சேர்த்து 468.8 கிலோவும் 8,13,462 மொமென்ட்டும். சிஜி 1735.2. எல்லைக்குள்.

இப்போது எனக்குக் கவலை தரும் பறப்பு. இரண்டு நண்பர்கள் சுபாங்கிலிருந்து பினாங்குக்குப் போய், பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் பருவம் என்பதால் சாமான் இடத்தை நிரப்பிக்கொண்டு திரும்புகிறார்கள். ஓட்டுபவர் 88 கிலோ, பக்கத்தில் 92 கிலோ, பின்னால் சரியாக 30 கிலோ, டேங்கில் 60 லிட்டர், அதாவது 43.2 கிலோ.

வெற்று விமானம்: 346 கிலோ, 5,88,462
இருவர்: 180 கிலோ × 1980 = 3,56,400
சாமான்: 30 கிலோ × 2520 = 75,600
எண்ணெய்: 43.2 கிலோ × 1700 = 73,440
மொத்தம்: 599.2 கிலோ, 10,93,902

சிஜி 1825.6. எடை 600க்குள், சாமான் 30க்குள், சிஜி 1830க்குள். எல்லாம் சரி என்று தாளை மடித்து வைக்கத் தோன்றும். மடிக்காதீர்கள். இந்த விமானத்தில் டேங்க் சிஜிக்கு முன்னால் இருக்கிறது, எண்ணெய் எரிய எரிய முன்பக்கக் கனம் குறையும், சிஜி பின்னால் நகர்ந்துகொண்டே போகும். டேங்க் காலி என்று வைத்து மறுபடி போடுங்கள்: 556 கிலோ, 10,20,462, சிஜி 1835.4. பின் எல்லையைத் தாண்டிவிட்டது. அதுவும் எப்போது? பயணத்தின் கடைசியில், களைப்பாக, வேகத்தைக் குறைத்து, தாழ்வாகத் திரும்பி ஓடுபாதைக்கு வரும்போது. ஸ்டால் வரக்கூடாத நேரம் அதுதான்.

அதனால் ஒவ்வொரு பறப்புக்கும் இரண்டு கணக்கு, கிளம்பும் நிலையும் டேங்க் காலியான நிலையும். டேங்க் இருக்கைக்குப் பின்னால் உள்ள விமானத்தில் நகர்வு எதிர்ப்பக்கமாக இருக்கும், அப்போதும் இரண்டு கணக்குத்தான்.

எவ்வளவு சாமானைக் குறைக்கவேண்டும் என்பதையும் இதே முறையில் கண்டுபிடிக்கலாம். டேங்க் காலி, இருவர், சாமான் இல்லை என்றால் 526 கிலோ, 9,44,862. பின் எல்லை 1830 × 526 = 9,62,580. இரண்டுக்கும் வித்தியாசம் 17,718. பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் எல்லைக்கு அப்பால் 2520 − 1830 = 690 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. 17,718 ஐ 690 ஆல் வகுத்தால் 25.7. ஆக, இந்த இருவரும் 25 கிலோவுக்கு மேல் பின்னால் ஏற்றக்கூடாது, சாமான் இடத்தில் 30 கிலோ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும். அந்த 30 என்பது தரைத்தகடு தாங்கும் எடை மட்டுமே.

ஆளின் எடையை ஊகிக்கவே கூடாது. பழைய அமெரிக்கக் கையேடுகளில் ஒரு ஆள் 170 பவுண்டு, அதாவது 77 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். 2003 ஜனவரி 8இல் வட கரோலினாவின் சார்லட்டில் ஏர் மிட்வெஸ்டின் பீச் 1900 கிளம்பியதுமே விழுந்து 21 பேர் இறந்தார்கள். எலிவேட்டர் கேபிள் தப்பாகப் பொருத்தப்பட்டிருந்தது ஒரு காரணம். சராசரி எடையை வைத்துப் போட்ட தாளில் எல்லாம் சரியாக இருந்தும் உண்மையில் சிஜி பின் எல்லையைத் தாண்டியிருந்தது இன்னொரு காரணம். அதற்குப் பிறகுதான் அங்கே சராசரிப் பயணி எடையையே உயர்த்தினார்கள். பத்தொன்பது பேர் உட்காரும் விமானத்திலேயே இப்படி என்றால் இருவர் உட்காரும் விமானத்தில் சராசரிக்கு அர்த்தமே இல்லை. ஹேங்கரில் ஒரு குளியலறைத் தராசு வைத்துக்கொள்ளுங்கள். "மாமா, பையையும் கையில பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் இதுல ஏறி நில்லுங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, எதற்கு என்று சொல்லிவிட்டால் அவர்களே அடுத்த தடவை முதலில் ஏறி நிற்பார்கள்.

மொத்த எடை விஷயத்திலும் நம் ஊர் வெயில் சேர்ந்துகொள்ளும். சுபாங் கிட்டத்தட்ட கடல் மட்டம்தான், ஆனால் 33 டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 2,200 அடி உயரத்தில் இருப்பது போல் ஆகிவிடும். 600 கிலோ தாளில் சரி என்றாலும் ஓடுபாதையில் ஓட்டம் நீளும், ஏற்றம் மெதுவாகும்.

முதல் பறப்பும் அதற்குப் பிறகும்

முதல் பறப்பில் ஒருவர் மட்டும், சிஜி அனுமதித்த இடைவெளியின் முன்பாதியில். பின் எல்லையை நோக்கிப் போவதைப் பல பறப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். மணல் பையோ தண்ணீர்க் கேனோ வைத்துச் சில கிலோ கூட்டி, ஸ்டிக்கின் கனம் எப்படி மாறுகிறது, ட்ரிம் (ஸ்டிக்கைப் பிடிக்காமலே மூக்கை நிலையாக வைக்கும் அமைப்பு) எங்கே நிற்கிறது, கையை விட்டால் விமானம் திரும்ப வருகிறதா என்று எழுதிக்கொண்டே போகலாம். வைக்கும் எடையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும், அது நழுவி வால் பக்கம் உருண்டால் நீங்கள் போட்ட கணக்கு மேலே வைத்தே மாறிவிடும். எல்லைக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே ஸ்டிக் உங்களுக்குச் சங்கடமான அளவுக்கு லேசானால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டியவர் நீங்கள், உங்கள் விமானத்துக்கு இன்னும் முன்னால் ஒரு பின் எல்லையை நீங்களே வைத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

பிறகு எதையாவது மாட்டினால், கழற்றினால், இடம் மாற்றினால் உடனே தாளைத் திருத்துங்கள். சின்னப் பொருள்தானே என்று விடாதீர்கள். வால் பக்கம் 4600 மி.மீ. தூரத்தில் 2 கிலோ பெட்டி ஒன்றை மாட்டினால் நம் உதாரண விமானத்தின் வெற்று சிஜி 1700.8இலிருந்து 1717.4க்குப் போய்விடும், 2 கிலோவுக்கு 16 மி.மீ.க்கு மேல். அதே சமயம் இது உதவிக்கும் வரும்: விமானம் வால் கனமாக முடிந்துவிட்டால் ஈயக்கட்டியைத் தேடுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். 6 கிலோ பேட்டரியை 1500 மி.மீ. முன்னால் கொண்டுவந்தால் 6 × 1500 ஐ 346 ஆல் வகுக்க 26 மி.மீ., ஒரு கிராம் கூடச் சேர்க்காமல் சிஜி முன்னால் வந்துவிடும்.

சின்னச் சின்னத் திருத்தங்கள் நிறையச் சேர்ந்துவிட்டால் மறுபடி தராசில் ஏற்றிவிடுவதுதான் முறை. பழைய தாளைக் கிழிக்காமல் அதன் மேல் குறுக்குக் கோடு போட்டு, புதிய தாளில் தேதி, வெற்று எடை, வெற்று சிஜி, மொமென்ட், யார் எடை போட்டது என்று எழுதி ஒரு பிரதியை விமானத்துக்குள்ளும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். கைப்பேசியில் போட்டுவைத்த எக்செலில் வெற்று எடைக் கட்டத்தைப் பூட்டிவிடுங்கள், ஆள், எண்ணெய், சாமான் கட்டங்கள் மட்டும் திறந்திருக்கட்டும். அதில் டேங்க் காலியான நிலையின் சிஜி தனி வரியில் தானாக வரும்படியும், 1830ஐத் தாண்டினால் அந்த வரி சிவப்பாகும்படியும் செய்துவைத்தால் ஓடுபாதை ஓரத்தில் நின்றுகொண்டே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.